சின்னத் தோட்டா

காலையில் எழுந்ததும் பால் கேனின் மூடியைத் திருகித் தளர்த்தி, மறுபடி லேசாக மேலே வைக்கிறேன். பிறகு காபிப் பொடி டப்பா, ஊறுகாய் பாட்டில், தேங்காய் எண்ணெய். பற்பசை மூடியைக் கழற்றிக் கோப்பையில் போடுகிறேன். ஒரு பாத்திரத்தில் வெந்நீர் பிடித்து சிங்குக்குப் பக்கத்தில் வைக்கிறேன். அதில் இப்போது யாரும் கை நனைப்பதில்லை. ஆறியதும் கொட்டிவிட்டுக் குளிக்கிறேன். மடிக்கணினியைத் திறக்கிறேன். முதல் மீட்டிங்கில் கேமராவை அணைத்து வைத்திருக்கிறேன். டீமில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

அஞ்சனா காலையில் சீக்கிரம் எழுந்துவிடுவாள். அவள் கைகள் எழுந்திருக்க மட்டும் ஒரு மணி நேரம் ஆகும். முடக்குவாதம். கல்யாணத்துக்கு முந்தைய வருடம் வந்தது. நிச்சயதார்த்தத்துக்கு முன்பு அவளே என்னை ஃபோனில் கூப்பிட்டு, கையைப் பற்றி எங்கள் வீட்டில் சொல்லிவிடும்படி சொன்னாள். பின்னால் யாரும் ஏமாற்றிவிட்டதாகப் பேசக்கூடாதாம். நான் சொன்னேன். அம்மா இரண்டு நாள் பேசாமல் இருந்தார். மூன்றாவது நாள், சமையல் யார் செய்வார்கள் என்று கேட்டார். நான் என்றேன். அதோடு முடிந்தது.

சென்னையில் பி.ஃபார்ம் முடித்தவள். இங்கே வந்து அத்தனை தேர்வுகளையும் முதலிலிருந்து எழுதி, பயிற்சி முடித்து, டெக்சாஸ் உரிமம் வாங்கினாள். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டி என்ற ஊரில் ஜம்புநாதன் அங்கிளின் மருந்துக் கடையில் வேலை. ஒரு பக்கம் டாக்கோ கடை, மறுபக்கம் லாண்டிரி, நடுவில் அது. பெரிய சங்கிலிக் கடைகளுக்கு நடுவே எப்படியோ தாக்குப்பிடித்துக்கொண்டிருந்தது. சாயங்காலத்திலிருந்து மூடும் வரை அவள் பொறுப்பு. வருகிற கிழவர்களுக்கு அவள் பெயர் தெரியும். அவளுக்கு அவர்கள் மாத்திரைகள் தெரியும். குழந்தைகள் திறந்துவிடாதபடி பூட்டு மூடி போட்ட பாட்டில்களை அவர்களால் திறக்க முடியாது, அவளாலும் முடியாது. அதனால் அவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு சாதாரண மூடி போட்டுக் கொடுப்பாள். அந்தக் கடையில் யாரும் மூடியோடு மல்லுக்கட்டியதில்லை.

ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டு வந்தபோது அவள் காருக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றிருந்தான். அன்று சாயங்காலம் வலி மாத்திரைக்குப் போலிச் சீட்டு கொண்டுவந்து, அவள் மறுத்து அனுப்பியவன். அவன் எதுவும் செய்யவில்லை. அவள் பெயரைச் சொல்லி, எந்தத் தெருவில் வீடு என்றும் சொன்னான். அவள் திரும்ப உள்ளே ஓடிப் பூட்டிக்கொண்டாள். சாவியைத் திருப்ப இரண்டு கையும் வேண்டியிருந்தது என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அதை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது.

நான் மறுநாளே அவளுக்கு வேறு வேலை தேடினேன். ஒரு காப்பீட்டு நிறுவனத்தில், வீட்டிலிருந்தே, பகலில், திரையில் மருந்துச் சீட்டுகளைச் சரிபார்க்கும் வேலை. சம்பளம் கொஞ்சம் கூட. ஜனவரி பாதிக்குள், நம் கணக்கில் பொங்கலுக்குள், பதில் சொல்லலாம் என்றார்கள். அவள் அந்த மின்னஞ்சலைப் படித்துவிட்டு மடிக்கணினியை மணிக்கட்டால் மூடினாள். விரலால் மூடுவதில்லை.

"என்னை நானே பாத்துக்க முடியும்னு காட்டிட்டா, இந்த வேலைய விடச் சொல்லி நீ திரும்பப் பேசக் கூடாது. காட்டலைன்னா நானே அந்த வேலைக்குப் போறேன். சரியா?"

எப்படிக் காட்டுவாய் என்று கேட்டேன். துப்பாக்கி வாங்கி, மறைத்து எடுத்துச் செல்வதற்கான லைசென்ஸ் எடுப்பேன் என்றாள். டெக்சாஸில் இப்போது அந்த லைசென்ஸ் இல்லாமலேயே வைத்துக்கொள்ளலாமே என்றேன். அவளுக்கும் தெரியும். ஆனால் லைசென்ஸுக்கு ஒரு சுடும் தேர்வு உண்டு. பாஸ் பண்ண வேண்டும். அவளுக்குத் தேர்வுகள்மேல் நம்பிக்கை. எங்களுக்கு கிரீன் கார்டு வந்த வருடம் அது. அது இல்லாவிட்டால் துப்பாக்கியே வாங்க முடியாது, இந்தப் பேச்சும் வந்திருக்காது. நான் சரி என்றேன். அவளால் முடியாது என்று நினைத்துத்தான் சரி என்றேன்.

எங்கள் வட்டத்தில் துப்பாக்கி என்றால் ராமசுப்ரமணியன் அங்கிள். எண்ணெய் நிறுவனத்தில் பெரிய வேலை. குடியுரிமை வாங்கிய வாரமே முதல் துப்பாக்கி வாங்கினார். இப்போது அவர் கராஜில் ஃபிரிட்ஜ் அளவுக்கு இரும்புப் பெட்டி நிற்கிறது. பட்டாணி சுண்டலும் எலுமிச்சை சாதமும் பரப்பிய, ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் ஒரு சனிக்கிழமை பாட்லக்கில் அவரிடம் கேட்டோம். தட்டோடு எங்களைக் கராஜுக்குக் கூட்டிப்போனார். ஒன்பது மில்லிமீட்டர் பிஸ்டல் ஒன்றைத் தோட்டா எடுத்து வெறுமையாக்கி அவள் கையில் கொடுத்தார். மேல் ஸ்லைடைப் பின்னால் இழுத்தால்தான் முதல் தோட்டா உள்ளே போகும். அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு இழுத்தாள். நகரவில்லை. இடுப்பில் அழுத்திக்கொண்டு, உள்ளங்கையால் இழுத்தாள். நகரவில்லை. அவள் முட்டிகள் சிவந்தன. சமையல்கட்டிலிருந்து வந்து எட்டிப்பார்த்த இரண்டு பேர் மறுபடி உள்ளே போய்விட்டார்கள்.

தோட்டா இன்னும் சின்னதாக இருக்கிற காலிபரில் பார்க்கலாமா என்று அவள் கேட்டாள். இருபத்திரண்டு. அங்கிள் சிரித்தார். "அதுக்கு நீ கொசு பேட் வாங்கிக்கலாம்மா. அதுலயாவது சத்தம் வரும்."

"கொசு பேட்டை நான் தூக்கிடுவேன் அங்கிள். உங்களுதைத் திறக்கவே முடியலையே."

அங்கிள் விடவில்லை. பெரிய தோட்டாவின் பலம், ஆழம், நிறுத்தும் சக்தி என்று பேசிக்கொண்டே போனார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவளுக்கும் தெரியும், ஒரு வாரமாக அதையேதான் படித்துக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு சில சமயம் வெடிக்காமல் போகும் என்பதும் தெரியும். வெடிக்காவிட்டால் விசையை இரண்டாம் முறை இழுக்க முடிகிற துப்பாக்கி எது என்பதும் தெரியும். கடைசியில் அவர் மூச்சு வாங்கியபோது சொன்னாள்.

"கடையில தினமும் பாக்குறேன் அங்கிள். ஐந்நூறு மில்லிகிராம் எழுதிக் குடுப்பாங்க, முழுங்க முடியாம டப்பாலயே கெடக்கும். ஐம்பது குடுத்தா சாப்பிடுவாங்க, பொழச்சுக்குவாங்க. எடுத்துக்க முடிஞ்சதுதான் மருந்து."

அங்கிள் சுண்டலைச் சாப்பிட்டார். எனக்கு அந்த கராஜில் நிற்கப் பெருமையாக இருந்தது. வெளியே காட்டவில்லை.

துப்பாக்கிக் கடைக்குப் போனோம். தாடிக்காரர் ஒருவர் கவுண்டருக்குப் பின்னால். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் என்னைப் பார்த்துப் பதில் சொன்னார். மனைவிக்கு என்றதும் ரோஸ் நிறக் கைப்பிடி போட்ட சின்ன ரிவால்வர் ஒன்றை எடுத்து வைத்தார். பெண்கள் எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்களாம். அவள் எடுத்து, சுவரைப் பார்த்து விசையை இழுத்தாள். அது பாதியில் நின்றுவிட்டது. ரிவால்வரின் விசை கனம். பலம் அதிகமில்லாதவர்களுக்கு என்று விற்கப்படும் பொருள் விரலில் அதிக பலம் கேட்டது. அவள் அதைக் கவுண்டரில் வைத்துவிட்டு, என்னிடம் தமிழில் சொன்னாள்.

"ரோஸ் கலர்ல எங்கிட்ட டூத் பிரஷ் இருக்கு, போதும்னு சொல்லு இவர்கிட்ட."

நான் சொல்லவில்லை. அவளே ஆங்கிலத்தில், குழல் மேலே திறக்கிற மாதிரி ஒன்று இருக்குமே, அதைக் காட்டுங்கள் என்றாள். தாடிக்காரர் முதல் முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். பின்பக்கம் போய் நேரமெடுத்துத் தேடிக் கொண்டுவந்தார். உள்ளங்கை அளவு. கறுப்பு. பக்கத்தில் ஒரு சின்ன நெம்பு. அதைத் தள்ளினால் குழலின் பின்பகுதி மேலே எழும்பும். தோட்டாவைக் கையாலேயே உள்ளே வைத்து, அமுக்கி மூடினால் ஆயிற்று. ஸ்லைடை இழுக்கவே வேண்டாம். அவள் நெம்பைக் கட்டைவிரலால் தள்ளினாள். திறந்தது. மூடினாள். மறுபடி திறந்தாள். வேறு யாரும் திறந்து கொடுக்காமல் அவளாகவே ஒரு பொருளைத் திறந்து மூடுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அதன் எடை, விலை, விசையின் கனம் எல்லாம் பேசினார்கள். இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டார்கள். நான் அட்டையை நீட்டப் போனபோது அவள் தன்னுடையதை நீட்டியிருந்தாள்.

எங்கே வைத்துக்கொள்வது என்பது அடுத்த பிரச்சினை. எல்லா உறைகளும் தோல் பெல்ட்டுக்கு என்று செய்தவை. சுடிதாரில் நாடாதான் உண்டு. நாடாவில் துப்பாக்கி தொங்கினால் சுடிதார் கீழே போய்விடும். அவள் அதை நடித்தே காட்டினாள். கடைசியில் பிரசவமான பெண்கள் வயிற்றில் கட்டுகிற துணி மாதிரி ஒரு பட்டை கிடைத்தது. விலா ஓரமாக ஒரு பை வைத்துத் தைத்திருந்தது. வெறும் துப்பாக்கியை அதில் வைத்து குர்தா போட்டுக்கொண்டு சமைத்தாள், துணி மடித்தாள், குனிந்து பாத்திரம் அடுக்கினாள். தெரிகிறதா, தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். தெரியவில்லை.

சனிக்கிழமைகளில் சுடும் தளத்துக்குப் போவாள். காலையில் கைகள் தயாராகாது என்பதால் மத்தியானம். குண்டுகள் பரவலாக விழுந்த தாள்களை முதலில் தூக்கிப்போட்டாள். பிறகு அவை நெருங்கி நெருங்கி ஒரு தோசைக்கல் அளவுக்கு வந்தன. பிறகு இட்லி அளவு. இருபத்திரண்டு உதைக்காது. அதனால் மணிக்கட்டு வலிக்காமல் நிறைய சுட முடிந்தது. ராமசுப்ரமணியன் அங்கிள் ஒரு நாள் கூட வந்து பக்கத்து வரிசையில் நின்றார். அவருடைய சத்தம் பெரிது. தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, வெளிச்சம் சரியில்லை என்றார்.

தேர்வை விஜயதசமி அன்று பதிவு செய்தாள். எதையும் தொடங்க நல்ல நாள் என்பது அவள் கணக்கு. முந்தின நாள் ஆயுத பூஜை. வருடா வருடம் நாங்கள் வைப்பது கார் சாவி, இரண்டு மடிக்கணினி, அவள் மாத்திரை எண்ணுகிற தட்டும் கரண்டியும், ஒரு ஸ்க்ரூ டிரைவர். அந்த வருடம் கறுப்பாக ஒன்று நடுவில் உட்கார்ந்திருந்தது. வெறுமையாகத்தான். அவள் அம்மா நாகமணி அத்தை அம்பத்தூரிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது எதுக்குடி சாமிகிட்ட? எடுத்து உள்ள வை."

"ஆயுத பூஜைம்மா. இத்தனை வருஷம் ஸ்க்ரூ டிரைவருக்கு வெச்சோம். இப்பதான் நெஜமாவே ஆயுதம் இருக்கு."

அத்தை சற்று யோசித்தார். பிறகு, வைப்பதுதான் வைக்கிறாய், சந்தனத்தை நன்றாக வை, ஒப்புக்கு வைக்காதே என்றார். அஞ்சனா சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, நெம்பின் மேல் ஒரு பொட்டு, ஸ்லைடில் ஒரு பொட்டு, கைப்பிடியில் ஒரு பொட்டு வைத்தாள். மேலே குங்குமம். ஒப்புக்கு வைக்கவில்லை. அன்று முழுக்க எந்தக் கருவியையும் தொடக்கூடாது என்பது வழக்கம். மறுநாள் புனர்பூஜை முடித்து, ஈரத்துணியால் மேலே துடைத்துவிட்டு, எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

தேர்வில் ஒன்பது பேர். அவள் ஒருத்திதான் பெண். தேர்வு வைப்பவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்; காது கேட்கும் கருவி வைத்திருந்தார். நான் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கவேண்டியவன். தன் கைகள் வலித்தால் பக்கத்தில் ஆள் வேண்டும் என்று அவரிடம் சொல்லி, வரிசைக்குப் பின்னால் நிற்க அனுமதி வாங்கியிருந்தாள். தோட்டா போடச் சொன்னார். எட்டு பேரின் ஸ்லைடுகள் சடசடவென்று அடித்தன. அஞ்சனா நெம்பைத் தள்ளினாள். அசையவில்லை. மறுபடி தள்ளினாள். சந்தனம் நெம்பின் இடுக்கில் இறங்கி, ராத்திரியோடு காய்ந்து சிமெண்டாகியிருந்தது.

அவர் வந்து வாங்கிப் பார்த்தார். இடுக்கில் மஞ்சளும் சிவப்புமாக இருந்ததைப் பார்த்துத் துருவா என்று கேட்டார். பூஜை பற்றி அவள் சுருக்கமாகச் சொன்னாள். அவர் முகர்ந்து பார்த்தார். மணல், சூயிங் கம், பிஸ்கட் தூள் எல்லாம் பார்த்திருக்கிறேன், மணக்கிற துப்பாக்கி இதுதான் முதல் தடவை என்றார். யாரோ சிரித்தார்கள். தோட்டா அடுக்கிய மகசினைச் செருகி ஸ்லைடை இழுத்தாலும் தோட்டா ஏறும், அதை நான் இழுத்துத் தரட்டுமா என்று கேட்டேன். அவர் முடியாது என்றார். அதே நொடியில் அவளும் முடியாது என்றாள். வேறு துப்பாக்கி தருகிறேன் என்றார், ஒன்பது மில்லிமீட்டர். இல்லாவிட்டால் ஜனவரி கடைசியில் வா, அதற்குமுன் இடமில்லை. ஜனவரி கடைசிக்குள் பொங்கல் போய்விடும். அவள் என்னைப் பார்க்கவில்லை. தனக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்குமா என்று அவரிடம் கேட்டாள். மற்றவர்கள் முதல் சுற்றைச் சுடும் வரைக்கும் என்றார்.

பின்னாலிருந்த மேசையில் கைப்பையைக் கவிழ்த்தாள். கடையிலிருந்து எப்போதும் பையில் கிடக்கும் ஆல்கஹால் துடைப்பான்கள், ஒரு புருவத் தூரிகை. நான் கை நீட்டினேன்.

"தொடாத முகில். நீ திறந்தா நீ பாஸ் பண்ணினதா ஆகும்."

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். துடைப்பானை நெம்பின் மேல் பிழிந்தாள். ஆல்கஹால் சொட்டுச் சொட்டாக இறங்கியது. தூரிகையால் இடுக்கைத் தேய்த்தாள். மஞ்சள் நுரை வந்தது. தள்ளிப் பார்த்தாள். இல்லை. இன்னொரு துடைப்பான். முன்னால் துப்பாக்கிகள் வெடித்துக்கொண்டே இருந்தன. ஒவ்வொரு வெடிக்கும் என் தோள் தூக்கிப்போட்டது, அவளுக்கு இல்லை. ஐந்து துடைப்பான்கள் தீர்ந்தன. பிறகு அவள் துப்பாக்கியை மேசையில் படுக்கவைத்து, குழல் சுவரைப் பார்த்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்து, நெம்பின் மேல் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, விரல்களைச் சேர்க்காமல், உடம்பு மொத்தத்தையும் சாய்த்தாள். கால் நுனி தரையை விட்டு எழுந்தது. ஒரு சின்ன சத்தம். குழல் எழும்பி நின்றது.

அவர் வந்து சரிபார்த்துத் தலையாட்டினார். எட்டு பேரும் ஒதுங்கி நிற்க, அவள் தனியாகச் சுட்டாள். சின்னத் தோட்டாவின் சத்தம், குக்கருக்குப் பக்கத்தில் யாரோ கை தட்டுகிற மாதிரி. அருகில் இருந்து, பிறகு தள்ளி, பிறகு இன்னும் தள்ளி. கடைசிச் சுற்றில் ஒன்று வெடிக்கவில்லை. அவள் நிறுத்தவில்லை; விசையை மறுபடி இழுத்தாள், வெடித்தது. அவர் தாளைக் கொண்டுவந்து மேசையில் விரித்தபோது மற்றவர்கள் சுற்றி வந்து பார்த்தார்கள். சிரித்தவனும் வந்தான். நடுவட்டத்தில் கிழிந்திருந்ததே தவிர, தனித்தனி ஓட்டைகள் என்று சொல்ல அதிகம் இல்லை. அந்த அறையில் அன்று அதுதான் முதல் மதிப்பெண். ராமசுப்ரமணியன் அங்கிள் எடுத்ததைவிட இரண்டு அதிகம். அவரிடம் அதை அவள் சொல்லவில்லை. நான் சொன்னேன். மூன்று பாட்லக்கில் சொன்னேன்.

காரில் வரும்போது அவள் கைகள் மடியில் கிடந்தன. மூடவும் முடியவில்லை, விரிக்கவும் முடியவில்லை. நெற்றியில் விஜயதசமிக் குங்குமம் கலைந்திருந்தது. காப்பீட்டுக் கம்பெனிக்கு நானே பதில் எழுதினேன். அந்த வேலையைப் பற்றி நான் திரும்பப் பேசவில்லை.

அதற்கப்புறம் இரண்டு வருடம் தினமும் ராத்திரி அவள்தான் கடையைப் பூட்டினாள். வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே, குர்தாவுக்கு உள்ளே, விலா ஓரமாக அந்தத் துப்பாக்கி. ஒரு முறைகூட வெளியே எடுக்கவில்லை. அந்த ஆள் இன்னொரு தடவை போலிச் சீட்டோடு வந்தான். கவுண்டரில் நேராக நின்று, அவன் பெயரைச் சொல்லி, முடியாது என்றாளாம். ஜம்புநாதன் அங்கிள் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவளுடைய குரல் அப்படி இருந்து நான் கேட்டதே இல்லை என்று என்னிடம் சொன்னார். நான் கேட்டிருக்கிறேன்.

ஏப்ரலில் ஒரு விடுமுறை நாள் மத்தியானம் தலை வலிக்கிறது என்றாள். இதுவரை வந்ததிலேயே பெரிய வலி என்று சரியான மருத்துவ வார்த்தையில் சொன்னாள்; மாத்திரை எடுக்காமல் காரில் போய் உட்கார்ந்தாள். மூளையில் ஒரு ரத்தக் குழாய் வெடித்திருந்தது. அவளுடைய கைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். துப்பாக்கிக்கும் சம்பந்தமில்லை. அது வீட்டுப் பெட்டியில் இருந்தது.

காரியம் முடிந்த வாரம் ராமசுப்ரமணியன் அங்கிள் வந்தார். கொஞ்ச நாளைக்கு அது எங்கிட்ட இருக்கட்டும்ப்பா என்றார். எடுத்துக் கொடுத்தேன். எதற்கென்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஹூஸ்டன் ஈரத்தில் இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். மாதா மாதம் எண்ணெய் போட்டு ஒரு படம் எடுத்து அனுப்புகிறார். கூட ஒரு வரி: கொசு பேட் சௌக்கியம்.

நாகமணி அத்தை, உறவினர்களிடம் சொல்லும்போது, அவள் கடைசியாக அம்மா என்று கூப்பிட்டாள் என்கிறார். நான் திருத்துவதில்லை. ஆஸ்பத்திரியில் அப்போது கூட இருந்தது நானும் ஒரு இளம் டாக்டரும்தான். வெளிச்சம் பட்டால் வலிக்கிறது என்று கண்ணைப் பாதி மூடிப் படுத்திருந்தாள். டாக்டர் கண்ணுக்குள் பார்த்தார், சிரிக்கச் சொன்னார், எந்த மாதம் என்று கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்துத் திரையில் எண்களைத் தட்டினார். பிறகு இரண்டு கைகளிலும் இரண்டிரண்டு விரல்களைக் கொடுத்து, முடிந்தவரை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். பிடித்தாள். இன்னும் இறுக்கமாக என்றார். அவளுடைய விரல்கள் டாக்டரின் விரல்களைச் சுற்றி நின்றன, அவ்வளவுதான். டாக்டர் முகம் மாறித் திரைப் பக்கம் திரும்பினார். அஞ்சனா அதைக் கவனித்துவிட்டாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

"கை எப்பவுமே இப்படித்தான்னு சொல்லு அவங்ககிட்ட. இதுக்கெல்லாம் எனக்கு மார்க் குறைக்கக் கூடாது."